பூங்காவில் ஒரு பாவடி

(தென்காசியை அடுத்த குத்துக்கல்வலசையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

2019 நவம்பர் 22ஆம் நாள் தென்காசி தனி மாவட்டமாக இயங்கத் தொடங்கியது. நகரத்தை ஒட்டிய ஊர்களில் வயலும் தோப்பும் மனைகளாக மாறிவருவதை உங்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மனைப்பிரிவு போடுகிறவர்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. 2019இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, சாலை போக மீதிப் பரப்பு 3,000 சதுர மீட்டரைத் தாண்டினால் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும். 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால் அதற்கு ஈடாகப் பணம் கட்டிவிட்டு நகர முடியாது; நிலத்தையே தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். வரைபடத்தில் பச்சை வண்ணம் தீட்டி ‘பூங்கா’ என்று எழுதிய அந்த நிலத்தை நேரில் போய்ப் பார்த்தால் ஒரு கம்பி வேலி, ஒரு பெயர்ப்பலகை, நிறையச் சீமைக் கருவேலம். கொஞ்சம் பணம் வந்து சேர்ந்த இடமென்றால் ஒரு சறுக்குமரமும் ஒற்றைக் காலில் நிற்கும் சிமென்ட் கொக்கும் இருக்கும். அப்படிப்பட்ட நிலத்தில் செய்து பார்க்கத்தக்க ஒரு காரியத்தைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். ஊர் மக்கள் கூடிக் கையால் நெய்து, பூங்காவிலேயே நிறுத்தி வைக்கும் கலைப்படைப்பு அது. தூண்களுக்கு நடுவே பாவு எனப்படும் நெடுக்கு இழைகளை இழுத்துக் கட்டிவிடுவார்கள். வருகிறவர்கள் அவரவர் கைக்கு வந்தபடி ஊடை எனப்படும் குறுக்கு இழை கோத்து நெய்வார்கள். பல நாடுகளின் பூங்காக்களில் இது நடந்துவருகிறது. நம் பக்கத்துக்கும் இது பொருந்தும் என்பது என் கட்சி. ஆனால் மூன்று ஏற்பாடுகள் முன்கூட்டியே வேண்டும். மட்கிப் போகும் பொருளில்தான் நெய்ய வேண்டும். பாவைப் பிடிக்கும் தேர்ந்த கைக்குக் கூலி கொடுக்க வேண்டும். தொடங்கும் அன்றே, பிரித்து மறுபடி நெய்யும் நாளையும் குறித்துவிட வேண்டும். இவை இல்லாவிட்டால் அந்தப் பணத்துக்கு இரண்டு வேப்பங்கன்றும் நான்கு கல்பெஞ்சும் போடுவதே மேல்.

இதைச் சொன்னதும் எழும் முதல் மறுப்பு, இது மேல்நாட்டாரின் பொழுதுபோக்கு என்பது. அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. 2005 வாக்கில் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்தில் ஒரு கடையின் கதவுக் கைப்பிடிக்குக் கம்பளி நூலால் உறை பின்னி மாட்டியதில் தொடங்கி, விளக்குக் கம்பத்துக்கும் மரத்துக்கும் பேருந்துக்கும் சட்டை போடும் வழக்கம் ஒன்று பரவியது. கம்பளி மிஞ்சிக் கிடக்கும் ஊருக்கு அது சரிதான். வேப்பமரத்துக்கு நாம் ஸ்வெட்டர் போட வேண்டியதில்லை. ஆனால் பொது வெளியில் பல கைகள் சேர்ந்து நெசவு வேலை செய்வது நமக்குப் புதிதல்ல. கைத்தறியில் ஏறும் பாவு தறியில் பிறப்பதில்லை, தெருவில் பிறக்கிறது. விடியற்காலையில் வெயில் ஏறுமுன் பாவைத் தெரு நீளத்துக்கு நீட்டி, மூங்கில் கவைகள் மேல் தாங்க வைத்து, இரு முனையிலும் இழுத்துக் கட்டுவார்கள். அரிசிக் கஞ்சியில் சிறிது எண்ணெய் விட்டுக் கலந்து இழைகளுக்கு ஊட்டுவார்கள். அகலமான தூரிகையின் இரு முனைகளை இருவர் எதிரெதிரே பிடித்து, சீராக அழுத்தி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடப்பார்கள். கஞ்சி காய்வதற்குள் ஒவ்வொரு இழையும் தனித்தனியே பிரிந்து நிற்க வேண்டும். ஒட்டிக்கொண்ட இழை தறியில் ஏறியதும் அறும். வழியில் அறுந்த இழை கண்ணில் பட்டால், பார்த்தவர் விரல் அங்கேயே அதை முறுக்கி இணைத்துவிடும். இது யாருடைய பாவு என்று கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. ஒரு வீட்டில் இத்தனை கைகள் இருக்காது. ஆகவே இன்று உன் பாவுக்கு நான், நாளை என் பாவுக்கு நீ என்ற கணக்கில் தெருவே சேர்ந்து இறங்கும். நெசவாளர் தெருக்கள் அகலமாகவும் நேராகவும் அமைந்ததற்கு இந்த வேலையும் ஒரு காரணம். சேலம், ஈரோடு பக்கத்து நெசவூர்களில் இதற்கென்றே விட்ட வெளிக்குப் பாவடி என்று பெயர். சேலத்தில் அந்தப் பெயரைத் தாங்கிய தெருக்களும் திடல்களும் இன்றும் இருக்கின்றன. நம் பக்கத்தில் கடையநல்லூரும் புளியங்குடியும் தறிச் சத்தத்தில் விழித்த ஊர்கள். நெசவு நொடித்த காலத்தில் கடையநல்லூர்க்காரர்கள் சிங்கப்பூருக்குக் கப்பலேறினார்கள். அங்கே போயும் கூட்டாக நிற்கும் பழக்கத்தை விடவில்லை. 1941இல் அவர்கள் தொடங்கிய சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் நெடுங்காலம் நிலைத்து நின்ற அமைப்பு.

இதை வைத்துப் பழம்பெருமை பேசினால், கேட்பவர்களில் யாராவது ஒருவர் எழுந்து, அந்தத் தெருவில் யார் யார் இறங்கலாம் என்று கேட்க வேண்டும். கேட்பது நியாயம். பாவடி ஒரு சமூகத்தாருக்குப் பொது. ஊருக்குப் பொது அல்ல. தறி ஒரு சாதியின் தொழிலாகவோ ஒரு சமயத்தாரின் தொழிலாகவோ இருந்தது. தெருவும் அவர்களுடையதாக இருந்தது. அயலார் அந்த வழியாகப் போகலாம், பாவில் கை வைக்க முடியாது. கைபட்டுக் கெடும் என்ற தொழில் காரணம் பாதி, மீதி என்னவென்று எல்லாருக்கும் தெரியும். தானப் பத்திரத்தின் வழியாக ஊராட்சிக்கு வந்த நிலம் இந்த விஷயத்தில் பாவடியைவிடப் பெரியது. அதற்குப் பட்டயம் கேட்கும் தெரு இல்லை; கோயில் நிர்வாகம் இல்லை; எந்த வீட்டுத் திண்ணைக்கும் அது முன்வாசல் இல்லை. நெசவின் கூட்டு முறையை எடுத்துக்கொண்டு அதன் வேலியை விட்டுவிட நமக்குக் கிடைத்திருக்கும் இடம் அதுதான். எந்த மனைப்பிரிவின் பெயரால் பூங்கா கிடைத்ததோ அந்த மனைப்பிரிவுக்காரர்கள் மட்டும் வந்து நெய்துவிட்டுப் போனால், பழைய தெருவை இரும்புக் கேட்டு போட்டுப் புதிதாகக் கட்டியதாகத்தான் ஆகும்.

கூட்டாகச் செய்த கைவேலை கலையாக உலகமெங்கும் போன கதை ஒன்று தமிழ்நாட்டுக் கடற்கரையிலேயே தொடங்கியது. 1997இல் ஜேனட் எக்கல்மன் என்ற அமெரிக்க ஓவியர் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் இந்தியா வந்தார். ஓவியக் கண்காட்சி நடத்துவதாக ஒப்புக்கொண்டிருந்தவருக்கு, அனுப்பிய வண்ணங்கள் வந்து சேரவில்லை. மாமல்லபுரத்தில் இருந்தார்; சிற்பத்துக்குப் பேர்போன ஊர் என்பதால் உலோகத்தில் வார்த்துப் பார்த்தார்; எடையும் செலவும் கையைக் கடித்தன. மாலையில் கரையில் மீனவர்கள் வலைகளைக் குவித்து வைப்பதைப் பார்த்தபோதுதான், கனமே இல்லாமல் பெரிய உருவம் செய்ய வழி கிடைத்தது. அந்த மீனவர்களோடு சேர்ந்து வலையால் தன் முதல் சிற்பங்களைச் செய்தார். அங்கிருந்து கிளம்பிய வலை 2005இல் போர்ச்சுகலின் போர்ட்டோ நகரக் கடற்கரையில் நிலையாக ஏறியது. 2015இல் பாஸ்டன் நகரின் நடுவில் ரோஸ் கென்னடி பசுமைவழிப் பூங்காவின் மேல், உயர்ந்த கட்டடங்களுக்கிடையே, ஐந்து லட்சத்துக்கும் அதிகமான முடிச்சுகளோடு மே முதல் அக்டோபர் வரை தொங்கியது. கல் சிற்பத்துக்குப் பேர்போன ஊர், கயிற்றுச் சிற்பத்துக்கும் தாய்வீடாகிவிட்டது. பெருமைப்படலாம். ஆனால் இந்தக் கதை சொல்லப்படும்போது கலைஞருக்குப் பெயர் இருக்கிறது, ஊருக்குப் பெயர் இருக்கிறது, மீனவர்கள் மட்டும் பெரும்பாலும் பன்மையாகவே வந்து போகிறார்கள். அவரைக் குறை சொல்ல இதை எடுக்கவில்லை; அவர்களோடு சேர்ந்து செய்தேன் என்று அவரே சொல்லிவருகிறார். கூட்டுக் கைவேலை கலை என்ற பெயர் பெறும்போது பெயரும் பணமும் ஒரு பக்கமாகச் சாய்வது எவ்வளவு எளிது என்பதற்காகச் சொல்கிறேன். நம் பூங்காவில் பலகை வைப்பதாக இருந்தால் முதல் வரியில் பாவு கட்டியவர் பெயர் வரட்டும். திறந்து வைத்தவர் பெயர் இடமிருந்தால் கீழே வரலாம்.

இன்னொரு கதை ஜப்பானில். தொஷிகோ ஹோரியுச்சி மெக்ஆடம் நூலால் பெரிய வடிவங்களைப் பின்னிக் கண்காட்சிகளில் தொங்கவிட்டு வந்தவர். பார்க்க வந்த பிள்ளைகள் ஒருநாள் அதில் ஏறி ஊஞ்சலாடத் தொடங்கினார்கள். காவலரைக் கூப்பிடுவதற்குப் பதில், தான் செய்ய வேண்டிய வேலை இதுதான் என்று முடிவு செய்தார். 1970களின் இறுதியில் ஒக்கினாவாவில் ஒரு பூங்காவில் பிள்ளைகள் ஏறி விளையாடும் வலையைக் கையாலேயே பின்னி அமைத்தார். 2009இல் ஹக்கோனே திறந்தவெளி அருங்காட்சியகத்தில், மரக்கட்டைகளை அடுக்கிய ஒரு கூடாரத்துக்குள் அவருடைய வண்ண வலை தொங்கியது. பிள்ளைகள் அதன் பைகளுக்குள் புகுந்து புறப்படுவார்கள். நைலான் நூல்தான், ஆனாலும் தேயும். தேய்ந்தால் மாற்றியாக வேண்டும் என்பது முதலிலேயே கணக்கில் இருக்கிறது. தொடாதே என்று எழுதிய கலையைவிட, தொட்டுத் தொட்டுத் தேய்ந்து மறுபடி பின்னப்படும் கலை பூங்காவுக்கு ஏற்றது. அருங்காட்சியகத்துக்கு ஒரு நியாயம், பூங்காவுக்கு இன்னொரு நியாயம். நம் பூங்காக்களில் சிலைகளுக்குக் கூண்டு போட்டுப் போட்டு அந்த இரண்டாவது நியாயம் நமக்கு மறந்துவிட்டது.

இப்போது நம் பக்கத்துக்கே உரிய மறுப்புக்கு வருகிறேன்: மழை. குற்றாலத்தில் ஜூன் மாதம் சாரல் தொடங்கினால் ஆகஸ்ட் தாண்டியும் காற்றில் ஈரம் இருக்கும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். இரண்டு மழைக்காலமும் சந்திக்கிற இடத்தில் பருத்தி நூலைத் திறந்தவெளியில் கட்டினால் பூஞ்சணம் பிடித்துக் கறுத்து இற்றுப்போகும். அதனால்தான் பலர் நைலான் கயிறும் பிளாஸ்டிக் பட்டையும் போடச் சொல்வார்கள். வண்ணமும் நிற்கும், விலையும் மலிவு. அங்கேதான் நான் உடன்பட மறுக்கிறேன். வெயிலில் நொறுங்கிய பிளாஸ்டிக் இழை ஓடைக்கும் குளத்துக்கும் போய்ச் சேரும். அதைவிட முக்கியமான காரணம் வேறு. நிலைத்து நிற்கும் என்று நம்பிச் செய்த பொருளை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அழியும் என்று தெரிந்து செய்தால்தான் ஆளை அமர்த்துவார்கள், நாளைக் குறிப்பார்கள். நம் கையருகில் அதற்கான பொருள்கள் இருக்கின்றன. தேங்காய் நார்க் கயிறு ஈரத்தைத் தாங்கும். மண்சரிவு தடுக்கச் சரிவுகளில் விரிக்கும் வலைக்கு அதைப் பயன்படுத்துவதே, மழையில் சில ஆண்டு நின்று பிறகு மண்ணோடு மண்ணாகிவிடும் என்பதால்தான். ஆலங்குளம், சுரண்டைப் பக்கம் பனைக்குக் குறைவில்லை. பனை மட்டையின் நாரில் கட்டில் பின்னியதைப் பார்த்தவர்கள் இந்த அவையில் இருப்பீர்கள். நாரை நீரில் ஊறவைத்துப் பதமாக்கி, ஈரத்தோடு இழுத்துப் பின்னுவார்கள். காயக் காய அது இறுகும். தொய்ந்தால் கால்மாட்டுக் கயிற்றை இழுத்துக் கட்டிவிடலாம். ஒரு பின்னல் அறுந்தால் அந்த இடத்தை மட்டும் புதிதாகக் கோத்துவிடலாம். இப்படிப் பழுது பார்க்கக் கூடிய பொருள்தான் பூங்காவுக்கு வேண்டும். அதே சமயம் கைத்தொழில் என்ற பெயரில் எல்லாவற்றையும் மழையில் கொண்டுபோய் நிறுத்தக் கூடாது. பத்தமடைப் பாயை எடுத்துக்கொள்ளுங்கள். தாமிரபரணிக் கரைக் கோரையை அறுத்து, கீறி, ஓடும் நீரில் நாள்கணக்கில் ஊறவைத்து, மறுபடி மெல்லிய இழைகளாகப் பிளந்து, பருத்திப் பாவில் கோத்து நெய்வது அது. நல்ல பாய் துணிபோல மடியும். அதைச் சாரலில் தொங்கவிடுவது அந்தக் கைகளுக்குச் செய்யும் அவமரியாதை. அது கூரைக்குக் கீழே இருக்க வேண்டிய பொருள்.

அழியும் பொருள் என்றால் தரம் குறைந்த பொருள் என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. கல்லில் செய்தது நிலைக்கும், நாரில் செய்தது போய்விடும் என்கிறோம். தென்காசிக் கோபுரத்தைப் பாருங்கள். பராக்கிரம பாண்டியன் 1446இல் தொடங்கிய கோயில் அது. கல்லும் சுதையுமாக எழுந்த அதன் கோபுரமே பின்னர் இடிக்கும் தீக்கும் இரையாகி நெடுங்காலம் மொட்டைக் கோபுரமாக நின்றது. 1990இல்தான் ஒன்பது நிலைகளோடு மறுபடி எழுந்தது. அந்த அரசனுக்கு இது முன்பே தெரிந்திருந்தது என்பதுதான் வியப்பு. இந்தக் கோயிலுக்குப் பின்னாளில் ஒரு குறை வந்து, அதைச் செப்பனிட்டுக் காக்கப் போகிறவர் யாரோ, அவர் காலில் இப்போதே விழுகிறேன் என்ற பொருள்பட அவன் பாடல் கல்வெட்டாக அங்கே இருக்கிறது. கட்டியவன் தன் பெயரை நிறுத்த எழுதிய கல்வெட்டுகள் நாட்டில் ஏராளம். பராமரிக்கிறவனைக் கும்பிட்டு எழுதியது அரிது. இந்தப் பக்கத்தில் எந்தப் பொதுப்பணியைத் தொடங்கினாலும் அதன் முன்னுரை ஏற்கெனவே எழுதியாகிவிட்டது என்பேன். மறுபக்கம், பராமரிப்பு தவறினால் என்ன ஆகும் என்பதற்கும் அருகிலேயே சான்று உண்டு. 2024 ஜூன் மாதம் நெல்லையப்பர் ஆனித் தேரோட்டத்தில் வடம் அடுத்தடுத்து அறுந்தது. ஊர் கூடித்தான் இழுத்தது. ஆயிரக்கணக்கான கைகள் இருந்தன. ஊர் கூடினால் மட்டும் தேர் நகராது, வடம் நாள்பட்டதா என்று முன்கூட்டிப் பார்க்கிற ஒருவரும் வேண்டும் என்பது அன்று திருநெல்வேலி முழுக்கத் தெரிந்துபோனது.

அடுத்த மறுப்பு எல்லாவற்றிலும் கடுமையானது. நெசவாளி வயிற்றுக்கு வழியில்லாமல் இருக்கும்போது பூங்காவில் நெசவு விளையாட்டு எதற்கு? எண்களைப் பார்த்தால் இந்தக் கோபம் புரியும். 2009-10 கணக்கெடுப்பில் இந்தியாவில் கைத்தறித் தொழிலில் 43 லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள். 2019-20இன் நான்காவது கணக்கெடுப்பில் அது 35 லட்சமாகச் சுருங்கியிருந்தது. அவர்களில் பத்துக்கு ஏழு பேருக்கு மேல் பெண்கள். நெசவுக் குடும்பங்களில் மூன்றில் இரண்டு பங்கு, மாதம் 5,000 ரூபாய்க்கும் குறைவாகச் சம்பாதிப்பதாகச் சொன்னவை. 5,000 ரூபாயில் ஒரு குடும்பம். கூலி, நூல் விலை, கூட்டுறவுச் சங்கத்தின் நிலுவை, விசைத்தறியில் நெய்து கைத்தறி என்று விற்கும் மோசடி, இவற்றுக்குப் பூங்கா மருந்தாகாது. அப்படி ஆகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆண்டுதோறும் ஆகஸ்ட் 7 தேசியக் கைத்தறி நாள் என்று 2015 முதல் கொண்டாடுகிறோம். மேடையில் ஒரு தறியை நிறுத்தி, அமைச்சர் ஊடை ஓட்டும் நாடாவை ஒருமுறை தள்ளிப் படமெடுத்துக்கொண்டதும் தறி வண்டியேறிவிடும். பூங்கா நெசவும் அந்த வகையில் சேர்ந்துவிடும் ஆபத்து உண்டு. அதைத் தடுக்கிற ஒரே வழி, இதைத் தொண்டு என்று சொல்லாமல் வேலை என்று எழுதுவது. பாவு கட்டுவது, வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது, தவறாகக் கோத்ததை மாலையில் அவிழ்த்துச் சரிசெய்வது, மழைக்குப் பின் பழுது பார்ப்பது, கடைசியில் பிரித்தெடுப்பது எல்லாமே நாள்கூலிக்கு உரிய வேலைகள். ஊர் மக்கள் சும்மா வந்து நெய்யலாம், அவர்களுக்கு அது மகிழ்ச்சி. நெய்வதையே பிழைப்பாகக் கொண்டவரை, உங்கள் கலைக்கு ஒரு மேடை கிடைக்கிறதே என்று சொல்லிச் சும்மா வரவழைக்கக் கூடாது. திட்டச் செலவில் பாதிக்கு மேல் கூலியாகப் போகாவிட்டால் ஊராட்சி அந்தத் திட்டத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டியதில்லை.

தெரியாத கை நெய்தால் அலங்கோலமாகத்தான் இருக்கும் என்பாரும் உண்டு. இதற்குத் தொழில்நுட்பத்திலேயே விடை இருக்கிறது. பவானி ஜமக்காளத்தில் பருமனான ஊடை நூல் நெருங்கி அமர்ந்து பாவை மூடிவிடும். மேலே தெரிவதெல்லாம் ஊடையின் வண்ணப் பட்டைகள்தான். அகலமான ஜமக்காளத்துக்குத் தறியின் இரு பக்கமும் இருவர் அமர்ந்து நாடாவை மாற்றி மாற்றித் தள்ளுவார்கள். அந்தக் கட்டமைப்பைப் பூங்காவில் பெரிதாக்கினால், பாவு தேர்ந்த கையால் சமமாக இழுக்கப்பட்டிருக்கும் வரை, ஊடையில் ஒருவர் இறுக்கமாகவும் ஒருவர் தளர்வாகவும் கோத்தது குறையாகத் தெரியாது. மேடுபள்ளமாக அதுவே ஒரு பரப்பாகும். பாவு கோணினால் எந்த வண்ணமும் காப்பாற்றாது. ஆகவே எல்லாரும் எல்லாம் செய்யலாம் என்ற தாராளம் இங்கே செல்லாது. ஊடை யார் கையிலும் இருக்கலாம், பாவு தெரிந்தவர் கையில் இருக்க வேண்டும். அளவில் மட்டும் கண்டிப்பு இருந்தால் பல கைகள் எதைச் செய்து காட்டும் என்பதற்குச் சென்னையிலேயே ஒரு நிகழ்ச்சி நடந்தது. 2016 ஜனவரி 31ஆம் நாள், ‘மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்’ என்ற பெண்கள் குழுவினர் வீடுகளில் பின்னிய துண்டுகளை ஒன்றாக இணைத்து 11,148.5 சதுர மீட்டர் போர்வையாக விரித்துக் கின்னஸ் சாதனை படைத்தார்கள். ஏறக்குறைய இரண்டே முக்கால் ஏக்கர் பின்னல். சாதனைக் கணக்கில் எனக்குப் பெரிய ஆர்வமில்லை. விரித்ததைப் பிறகு போர்வைகளாகப் பிரித்துத் தேவைப்பட்டவர்களுக்குக் கொடுத்தார்களே, அதுதான் மனத்தில் நிற்கிறது. பிரித்த பிறகு பொருள் எங்கே போகும் என்பதையும் சேர்த்து யோசித்தவர்கள் அவர்கள்.

அப்படியானால் குத்துக்கல்வலசையில் இதை எப்போது, எப்படித் தொடங்குவது? நாட்காட்டி நம்மிடமே இருக்கிறது. ஜனவரி 26 கிராம சபையில் தீர்மானமும் மதிப்பீடும் வைக்கலாம். பின்பனியும் வறட்சியும் உள்ள பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை கயிறு காயும், தூண் நடலாம், மாலை நாலு மணிக்கு மேல் மக்கள் வந்து நெய்யலாம். மே 1 கிராம சபையில் கூலிக் கணக்கைப் படிக்க வேண்டும். சீசன் காலத்தில் அருவிக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் ஐந்தருவிப் பக்கத்துச் சுற்றுச்சூழல் பூங்காவுக்குப் போவதுபோல இங்கேயும் நாலு பேர் வந்து பார்க்கட்டும். வராவிட்டாலும் குடி முழுகிப்போகாது, இது அவர்களுக்காகச் செய்வதல்ல. அக்டோபர் 2 கிராம சபையில் எது நின்றது, எது இற்றது என்று பார்த்து, வடகிழக்கு மழை வலுக்குமுன் பிரித்துவிட வேண்டும். இற்ற நார் தென்னைக்கும் செடிக்கும் மூடாக்காகப் போகும்; நல்ல கயிற்றை அடுத்த ஆண்டுக்குச் சுற்றி வைக்கலாம். தூண் மட்டும் கல்லாக இருக்கட்டும், மூங்கிலைக் கறையான் விடாது. பெண்கள் வருவதற்கு விளக்கும் கழிப்பறையும் வேண்டும் என்பதை மதிப்பீட்டின் முதல் வரியாக எழுத வேண்டும். கடைசி வரியாக எழுதினால் பணம் தீர்ந்துபோனதாகச் சொல்வார்கள்.

பிள்ளைகள் ஏறிப் பிய்த்துவிடுவார்களே என்பது மிச்சமிருக்கும் ஒரு கவலை. பிய்ப்பார்கள். கீழேயிருந்து மூன்றடி உயரம் வரை அவர்களுக்கென்றே விட்டுவிடலாம். அந்தப் பகுதியில் பனை நாரைக் கட்டில் பின்னல்போல அகலக் கண்ணியாகப் பின்னி, காலை வைத்து ஏறினால் தாங்கும்படி இரட்டைக் கயிற்றில் கட்ட வேண்டும். அதற்கு மேலே நெய்த பரப்பு. வாரத்தில் ஒருநாள் ஒருவர் வந்து கீழ்க் கண்ணிகளை இழுத்துப் பார்த்து, தளர்ந்ததை இறுக்கி, அறுந்ததைக் கோத்துவிட்டுப் போக வேண்டும். அவருக்கு அன்றைய கூலி, நார் ஒரு கட்டு, பதிவேட்டில் ஒரு கையெழுத்து. நெய்தது நிற்கும் எல்லா வாரத்துக்கும் அந்தக் கூலியை மதிப்பீட்டில் சேர்த்தே போடுங்கள்.